ஒருவர் நடக்க, ஒருவர் மிதிக்க, ஒருவர் ஓட



உங்கள் பாட்டனாரோ பாட்டியாரோ பால்மரம் வெட்டியவர்களாக இருந்தால், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு மணி அடிக்கும். பேர் கொடுத்துவிட்டு இருட்டிலேயே நெரைக்கு நடக்க வேண்டும். 400, 500 மரங்களைச் சுற்றிச் சுற்றி வெட்ட வேண்டும். பிறகு அதே மரங்களை மறுபடியும் சுற்றிப் பால் எடுத்து, தோளில் கம்பு போட்டு, இரண்டு பக்கமும் வாளி தொங்க, பால் கொட்டாய்க்கு நடக்க வேண்டும். மேடும் பள்ளமும் கணக்கில் சேராது. அவர்களிடம் போய், "தாத்தா, தினமும் அரை மணி நேரம் உடற்பயிற்சி செய்யுங்க" என்று யாராவது சொல்லியிருந்தால் வெட்டுக் கத்தியோடு துரத்தியிருப்பார்!

இப்போது நம் வீட்டைப் பார்ப்போம். தோட்டத்தில் இருப்பவர்கள் செம்பனைக் குலை தள்ளுகிறார்கள், உதிரி பொறுக்குகிறார்கள். அந்த உழைப்பு குறைந்த உழைப்பில்லை. ஆனால் தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் வந்த அண்ணன் தம்பிகள்? ஒருவர் லோரி ஓட்டுகிறார். ஒருவர் தொழிற்சாலை வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் காவல். அடுக்குமாடி வீட்டுக்கு மின்தூக்கியில் ஏறி, சீனி போட்ட தேத்தண்ணி ஒரு கோப்பை, பிறகு சோறு, பிறகு தொலைக்காட்சி. உழைப்பு போய்விட்டது, உழைத்த காலத்துச் சோற்றுக் குவியல் மட்டும் தட்டில் அப்படியே இருக்கிறது.

2019ஆம் ஆண்டு அரசாங்கம் நடத்திய தேசிய உடல்நல ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 100 பேரில் 31 பேர். நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, இருப்பதே தெரியவில்லை. 2023 ஆய்வில் நாட்டின் விகிதம் 15.6 ஆக இறங்கியது. இறங்கியது நல்ல சேதிதான், ஆனால் நம் தெருவில் யாரும் அதை வைத்துப் பட்டாசு கொளுத்த வேண்டியதில்லை. இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸ் செய்துகொள்ள வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதற்குக் காரணம் இதே இனிப்பு நீர்தான்.

டயாலிசிஸ் என்றால் என்னவென்று வீட்டில் ஒருவருக்கு வந்தால்தான் தெரியும். வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். வருஷத்துக்கு 156 தடவை, 624 மணி நேரம். அதாவது இரவும் பகலும் சேர்த்து 26 நாள், ஒரு மனிதர் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறார். கூட்டிப் போகிற மகன் வேலைக்கு லீவு போட வேண்டும். பெட்டாலிங் ஜெயாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1969இல் தொடங்கிய தேசிய சிறுநீரக அறநிறுவனம் போன்றவை இந்தச் சுமையை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன. அவற்றுக்குப் பணம் பொதுமக்களிடமிருந்துதான் வரவேண்டும்.

நான் இந்தப் பக்கத்தில் சொல்ல வந்தது நிதி கேட்க மட்டும் அல்ல. பணமும் சேர வேண்டும், பணம் கொடுக்கிறவர் உடம்பும் தேற வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஊர் சேர்ந்து ஒரு தொடர் ஓட்டம் நடத்துவது.

இது புதிதல்ல. 'தி எட்ஜ்' பத்திரிகை 2000ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் 'ரேட் ரேஸ்' என்று ஒன்றைத் தொடங்கியது. எலி ஓட்டம்! பெரிய பெரிய நிறுவனங்களின் முதலாளிகளும் அலுவலர்களும் குழுக் குழுவாக நகரத்துச் சாலையில் ஓட, அந்தப் பணம் அறநிறுவனங்களுக்குப் போனது. அதற்கும் முன்னோடி கனடா நாட்டு வாலிபர் டெர்ரி ஃபாக்ஸ். 1977இல் புற்றுநோயால் வலது காலை இழந்தவர், 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு ஓட ஆரம்பித்து, 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடி, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நின்றார். அடுத்த வருஷம் ஜூனில் இறந்து போனார். வயது 22. அவர் பெயரால் உலகெங்கும் ஓட்டங்கள் நடக்கின்றன. நம் கோலாலம்பூரிலும் பல ஆண்டுகள் நடந்திருக்கின்றன.

சரி, முதலாளிமார் ஓடினார்கள், நாம் எப்படி ஓடுவது என்று கேட்பீர்கள். ஐம்பது வயதில் முழங்கால் வலியோடு இருக்கும் ஆளைப் பத்துக் கிலோமீட்டர் ஓடச் சொன்னால் அவர் வரமாட்டார். வரவும் கூடாது. அதனால்தான் தனி ஓட்டம் வேண்டாம், தொடர் ஓட்டம் வேண்டும் என்கிறேன். அதிலும் பல விளையாட்டு கலந்த தொடர் ஓட்டம். வெள்ளைக்காரர்கள் 1974இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து 'ட்ரையத்லான்' என்றார்கள். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டு ஆண், இரண்டு பெண் சேர்ந்து மாறி மாறிச் செய்யும் கலப்புத் தொடர் போட்டியாகவும் அது வந்துவிட்டது.

நமக்கு நீச்சல் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். நம் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது, பழைய ஈயக் குட்டைகளில் நாம் பறிகொடுத்தவர்கள் போதும். நீச்சலுக்குப் பதில் நடை. ஒருவர் 3 கிலோமீட்டர் நடக்கிறார். அடுத்தவர் 10 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறார். மூன்றாமவர் 3 கிலோமீட்டர் ஓடுகிறார். அப்பா நடக்கலாம், மகள் மிதிக்கலாம், மருமகன் ஓடலாம். அம்மா ஓடி, அப்பா வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாலும் யாரும் சிரிக்கப்போவதில்லை. சிரித்தாலும் அது வீட்டுச் சிரிப்பு.

கையில் மாற்றிக்கொள்ளக் கட்டை எதற்கு? தோள் துண்டு போதும்! ஜப்பான்காரர்கள் 'எக்கிடேன்' என்று ஒரு நெடுந்தூரத் தொடர் ஓட்டம் ஓடுகிறார்கள். 1917இல் கியோத்தோவிலிருந்து தோக்கியோ வரை முதன்முதலாக ஓடினார்கள், 500 கிலோமீட்டருக்கு மேல். அவர்கள் கட்டை மாற்றுவதில்லை, மார்பில் குறுக்கே போடும் ஒரு துணிப் பட்டையைத்தான் மாற்றுகிறார்கள். முன்னவர் வேர்வையோடு அது பின்னவர் மேல் ஏறுகிறது. எக்கிடேன் என்ற சொல்லே பழைய காலத்தில் சாவடிக்குச் சாவடி ஆள் மாறி அரசாங்கச் சேதி கொண்டுபோன ஏற்பாட்டிலிருந்து வந்ததாம். நாமும் தமிழில் 'அஞ்சல் ஓட்டம்' என்றுதானே சொல்கிறோம்? திருவிதாங்கூரில் தபால் பையைத் தூக்கிக்கொண்டு, கையில் மணி கட்டிய கோலோடு ஓடியவர்களை அஞ்சலோட்டக்காரர் என்றே கூப்பிட்டார்கள். இரண்டு நாட்டுக்காரனுக்கும் ஒரே யோசனைதான் தோன்றியிருக்கிறது.

தொடர் ஓட்டத்தில் நாமும் இளைத்தவர்கள் அல்ல. 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டில் டாக்டர் எம். ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். மூன்றாவது தங்கம் அவர் தனியாக வாங்கியதில்லை, 4 x 100 தொடர் ஓட்டத்தில் மூன்று தோழர்களோடு சேர்ந்து வாங்கியது. அதே விளையாட்டில் எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். பொம்பளைப் பிள்ளைகளை ஓட விடலாமா என்று இன்னமும் இழுக்கிறவர்கள் அந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நிதி யாருக்குப் போகிறதோ அவர்கள் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, பேச்சு கேட்டு, காசோலை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு போவது எனக்குப் பிடிப்பதில்லை. அவர்களும் களத்தில் இருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் 1951 முதல் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் நடந்தால் வெள்ளைக் கோலோடு வேலைக்குப் போகும் பார்வையற்ற சகோதரர்களை நீங்கள் தினமும் பார்க்கலாம். அவர்களால் ஓட முடியாதா? இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளில் முன்னால் பார்வை உள்ளவர், பின்னால் பார்வை இல்லாதவர் உட்கார்ந்தால் தாராளமாக மிதிக்கலாம். ஓட்டத்துக்கு ஒரு சின்னக் கயிறு போதும், ஒரு முனையை அவர் பிடிக்க, மறு முனையைத் துணை ஓட்டக்காரர் பிடிப்பார். அந்தக் கயிற்றுக்கும் ஒரு துண்டைக் கிழித்துக்கொள்ளுங்கள். இனிப்பு நீர் முற்றினால் கண்ணும் போகும் என்பதை மறக்க வேண்டாம். இன்று துணைக்கு ஓடுகிறவர் யார், நாளைக்குத் துணை தேடுகிறவர் யார் என்று யாருக்குத் தெரியும்?

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களிலும் தெம்பாக நடக்கிறவர்கள் உண்டு. மருத்துவர் சரி என்றால் அவர்களும் கொஞ்ச தூரம் நடக்கலாம். முடியாதவர் கொடி அசைக்கலாம், நேரம் குறிக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஓட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் இளநீர் வெட்டிக் கொடுப்பது நம் வழக்கம். டயாலிசிஸ் நோயாளிக்கு இளநீரும் வாழைப்பழமும் தராதீர்கள். அவற்றில் பொட்டாசியம் உப்பு அதிகம். கெட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, இருதயத்தையே நிறுத்திவிடும். அன்பு காட்டப் போய் ஆபத்தாகிவிடக் கூடாது.

எங்கே ஓடுவது? கிள்ளானில் பழைய கோத்தா பாலத்தை எல்லாருக்கும் தெரியும். மேல் தட்டில் வண்டிகள், கீழ்த் தட்டில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் என்று இரண்டு அடுக்காகக் கட்டிய பாலம். நடையும் சைக்கிளும் கலந்த நம் போட்டிக்கென்றே கட்டியது போல இருக்கிறது! ஆனால் முதல் தடவையே நகரச் சாலையில் கை வைக்காதீர்கள். சாலையை மூட வேண்டும், போக்குவரத்துப் போலீஸ் வேண்டும், செலவு கூடும். தோட்டத்துச் செம்மண் சாலையோ தாமான் திடலைச் சுற்றிய சாலையோ போதும். அதற்கும் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், குலை ஏற்றும் லோரிகள் அந்த நேரத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழகுவதற்குக் கோலாலம்பூரில் 2014 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்துவரும் கார் இல்லாக் காலை வசதியானது. நகர மையத்துச் சாலைகளில் மோட்டார் வண்டி இல்லாமல் பிள்ளைகளோடு சைக்கிள் விடலாம்.

புத்ராஜெயாவில் 'பவர்மேன்' என்று ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் கலந்த பெரிய போட்டி நடக்கிறது, வெளிநாட்டு வீரர்களெல்லாம் வருகிறார்கள். அந்த அகலச் சாலைகள் ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டம். நம் ஆட்கள் பால்மரம் வெட்டிய நெரைகள். அங்கே இருந்த குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். அந்தப் போட்டியை நான் குறை சொல்லவில்லை. அந்த மண்ணில் முதலில் ஓடியாடியவர்கள் யார் என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

இனி உடம்பு விஷயம். பல வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டத்து விளையாட்டு விழாவில் முதலுதவிப் பெட்டியோடு நான் நின்றிருந்தேன். ஐம்பதைத் தாண்டிய ஒருவர், நல்ல உழைப்பாளி, ஓட்டத்தில் பாதி வழியில் தள்ளாடினார். பேச்சு குளறியது. "காலையிலேயே போட்டுட்டு வந்துட்டான்யா" என்று கூட்டம் சிரித்தது. நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். கிட்டப் போனால் உடம்பு சில்லென்று வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. அவர் சம்சாரம்தான் ஓடி வந்து, "அண்ணே, சக்கரை மாத்திரை போட்டாரு, பசியாறாம வந்துட்டாரு" என்றார். சர்பத் கலந்து கொடுத்தோம். பத்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தார். இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே நின்றிருந்தால் அவர் மயங்கியே போயிருப்பார்.

ஆகவே இனிப்பு நீருக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் கேளுங்கள். இன்சுலின் ஊசி, கிளிகிளாசைடு போன்ற மாத்திரைகள் போட்டுக்கொண்டு பசியாறாமல் ஓடினால் சக்கரை சடாரென்று இறங்கும். ஓட்ட நாளில் மருந்தை எப்படிப் போடுவது என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான், வெட்கப்பட வேண்டாம். அன்று காலை சக்கரை பார்த்து 5-க்குக் கீழே இருந்தால் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 15-க்கு மேல் இருந்தால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம், துண்டை வேறொருவருக்குக் கொடுங்கள். வழியில் நடுக்கம், வேர்வை, கண் இருட்டு வந்தால் நின்றுவிடுங்கள். மூன்று தேக்கரண்டி சீனி தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி சக்கரை பாருங்கள், 4-க்கு மேல் ஏற வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-க்குக் கூப்பிடுங்கள்.

காலைப் பாருங்கள். இனிப்பு நீர்க்காரருக்குப் பாதம் மரத்துப் போயிருக்கும், சப்பாத்துக்குள் சின்னக் கல் இருந்தாலும் தெரியாது. புதுச் சப்பாத்தை அன்றைக்கே போட்டு ஓடாதீர்கள். வீட்டுக்குப் போனதும் விரலிடுக்கு வரை பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் இருந்தால் ஊசியால் குத்த வேண்டாம்.

நம் ஊர் வெயிலைவிடப் புழுக்கம் மோசம். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு ஆறும், இங்கே காய்வதே இல்லை. ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். பிரமுகர் வரவில்லையே என்று காத்திருந்து எட்டரைக்குக் கொடி அசைத்த கூத்தெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் தண்ணீர், துண்டு மாற்றும் இடத்தில் ஐஸ் பெட்டி. யாராவது சம்பந்தமில்லாமல் பேசினாலோ உடம்பு நெருப்பாகக் கொதித்துச் சுருண்டாலோ நிழலில் போட்டு உடனே ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள், கக்கத்திலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வையுங்கள். ஆம்புலன்ஸ் வருகிற வரை காத்திருக்கக் கூடாது. வருகிற வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் இரண்டில் ஒன்றுக்கு முன்பே கடிதம் எழுதினால் முதலுதவிக்கு ஆள் கேட்கலாம். முதல் நாள் காய்ச்சல் இருந்தவர் ஓடவே கூடாது.

புகைமூட்டம் வந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு தள்ளிப்போடுங்கள். 2015 அக்டோபரில் கோலாலம்பூர் மாரத்தானையே புகையால் ரத்து செய்தார்கள். காற்றுத் தூய்மைக் கேட்டு எண் 100-ஐத் தாண்டினால் நமக்கும் அதுதான் விதி.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். வீடு வீடாகவோ தெருவிலோ வசூல் செய்வதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். அது இல்லாமல் டின்னைக் குலுக்காதீர்கள். ஊராட்சி மன்றத்துக்கும் போலீஸ் நிலையத்துக்கும் இரண்டு மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். ஆளுக்கு 15 வெள்ளி கட்டணம் வாங்கி, 12 வெள்ளிக்குச் சட்டை அடித்துக் கொடுத்தால் அறநிறுவனத்துக்கு 3 வெள்ளிதான் மிஞ்சும். சட்டையே வேண்டாம் என்பேன் நான். இளைஞர்கள் ஒப்பமாட்டார்கள், தெரியும். அப்படியானால் சட்டைக்கு ஒரு கடைக்காரரைப் பிடியுங்கள். வந்தது இவ்வளவு, ஐஸுக்கு இவ்வளவு, மீதி இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, அறநிறுவனத்தின் ரசீதோடு கோயில் பலகையிலும் சூராவ் பலகையிலும் ஒரே வாரத்தில் ஒட்டிவிடுங்கள். மலாய்க்காரர், சீனர், வங்காள தேசத்திலிருந்து வந்து நம்மோடு குலை வெட்டுகிற தம்பிகள் எல்லாரும் ஓட வரட்டும். கணக்கு அவர்கள் கண்ணுக்கும் தெரியட்டும்.

ஓட்டம் ஒரு நாள்தான், ஆனால் பழக எட்டு வாரம் வேண்டும். உண்மையான மருந்து அந்த எட்டு வாரம்தான். இனிப்பு நீர் வரும் நிலையில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் மூன்று வருஷம் பார்த்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. சாப்பாட்டைத் திருத்தித் தினமும் நடந்தவர்களிடம் நோய் வருவது ஏறக்குறைய 28 விழுக்காடு குறைந்தது. மாத்திரை போட்டவர்களுக்குக் கிடைத்த பலனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நம் சாப்பாடு சாப்பிடுகிற, நம்மைப் போன்ற உடம்புக்காரர்கள் அவர்கள்.

முதல் வாரம் சாயங்காலம் பதினைந்து நிமிஷம் திடலைச் சுற்றி நடங்கள், பேசிக்கொண்டே நடக்கலாம். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகத்தைக் குறையுங்கள். இரண்டாவது வாரம் இருபது நிமிஷம். ஓடப்போகிற பிள்ளை நான்காவது வாரத்திலிருந்து நடுநடுவே இரண்டு நிமிஷம் ஓடட்டும். சைக்கிள்காரர் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறட்டும், தலைக்கவசம் இல்லாமல் ஏறக் கூடாது. ஏழாவது வாரம் மூன்று பேரும் ஒன்றாக வந்து துண்டு மாற்றிப் பழகுங்கள். சைக்கிள்காரர் இறங்கி நின்ற பிறகுதான் துண்டைக் கொடுக்க வேண்டும், ஓட்டத்தில் வீசினால் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். துண்டு புதிதாக வாங்காதீர்கள், கஞ்சி போகாத துணி வேர்வையை இழுக்காது. வீட்டில் கிடக்கிற பழசே போதும்.